ஒரு ரூபாய் அளவில் ஒரு கடல் குதிரை... படம் பிடிக்க எந்த லென்ஸ்?

ஒரு ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விட்டம் சுமார் 2 சென்டிமீட்டர். வாலைச் சுருட்டிக்கொண்டால் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும் ஒரு கடல் குதிரை இருக்கிறது. பெயர், பிக்மி கடல் குதிரை. உடம்பு முழுக்க இளஞ்சிவப்பு முடிச்சுகள். அது வாழும் விசிறிப் பவளத்தின் மொட்டுகளும் அதே நிறம், அதே அளவு. ஒரு முழம் தள்ளி நின்று உற்றுப் பார்த்தாலும் 'எங்கே இருக்கு?' என்றுதான் கேட்கத் தோன்றும்.

இது மனிதர் கண்ணில் பட்டதே தற்செயல்தான். 1969-ல் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் இருக்கும் மீன் காட்சியகத்துக்காக ஜார்ஜ் பார்கிபான் என்பவர் விசிறிப் பவளம் சேகரித்தார். மேலே கொண்டுவந்து மேஜையில் வைத்து ஆராய்ந்தபோதுதான், பவளத்தோடு பவளமாகக் குட்டிக் கடல் குதிரைகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்த இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்: ஹிப்போகாம்பஸ் பார்கிபான்டி.

அன்று மேஜையில் வைத்தால்தான் தெரிந்த உயிரை, இன்று கடலுக்கு அடியிலேயே கண்ணும் மூக்கும் தெரியப் படம் பிடிக்கிறார்கள். அதைச் சாத்தியமாக்கியது மேக்ரோ லென்ஸ்.

சேற்றுக்குள் ஒரு புதையல்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவின் வடகிழக்கு முனையில், பிடுங் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிறது லெம்பே ஜலசந்தி. நீலத் தண்ணீரையும் வண்ணப் பவளத் தோட்டத்தையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றம்தான். கீழே விரிந்து கிடப்பது எரிமலைக் கறுப்பு மணல். தண்ணீரும் பல நாள் கலங்கலாகவே இருக்கும்.

ஆனால், உலகெங்கும் இருந்து கேமராவோடு ஆட்கள் இங்கே வருவது அந்த மணலுக்காகத்தான். உடம்பெல்லாம் ரோமம் முளைத்ததுபோல இருக்கும் தவளை மீன், மாலை மயங்கும் நேரத்தில் ஜோடி சேரும் மாண்டரின் மீன், வேறு உயிரினங்களைப்போல வேஷம் போடும் மிமிக் ஆக்டோபஸ், விரல் நுனியில் உட்காரும் அளவுக்குச் சின்னதான கடல் நத்தைகள் என்று மணலுக்குள்ளும் மணல் மேலும் ஒரு தனி உலகமே இருக்கிறது. இப்படிச் சேற்றிலும் மணலிலும் தேடித் திரிவதற்கு 'மக் டைவிங்' என்று பெயர்.

இங்கே டைவ் அடிப்பவர்கள் காலையில் படகு ஏறும் முன்பே ஒரு முடிவை எடுத்துவிட வேண்டும். இன்றைக்கு எந்த லென்ஸ்? கல்யாண வீட்டில் என்றால் போட்டோகிராபர் பையைத் திறந்து லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். கடலுக்குள் கேமரா ஒரு நீர்புகாக் கூட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. உள்ளே போனபின் மாற்ற வழியே இல்லை. சின்ன உயிர்களுக்கான லென்ஸோடு இறங்கிய அன்றைக்குத் திமிங்கிலச் சுறா தலைக்கு மேலே போனால், கண்ணால் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டியதுதான்!

'ஒன்றுக்கு ஒன்று' என்றால் என்ன?

மேக்ரோ லென்ஸ் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் சொல், 1:1. பொருளின் உண்மையான அளவிலேயே அதன் பிம்பம் கேமராவின் சென்சார் மேல் விழுகிறது என்று அர்த்தம். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. அப்படியானால் 1:1-ல் எடுக்கும் படத்துக்குள் அடங்கும் பரப்பும் அதே 36-க்கு 24 மி.மீ.தான். ஒரு ரூபாய் நாணயம் படத்தின் உயரத்தைக் கிட்டத்தட்ட முழுசாக நிரப்பிவிடும். பிக்மி கடல் குதிரையும் அப்படியே.

சாதாரண லென்ஸால் இது முடியாது. ஒரு எல்லைக்கு மேல் பொருளுக்கு அருகே போனால் அதற்கு ஃபோகஸே கிடைக்காது. மிக அருகிலும் ஃபோகஸ் கிடைக்கும்படி வடிவமைத்ததுதான் மேக்ரோ லென்ஸ். சென்சார் சின்னதாக இருந்தால் இன்னும் ஒரு லாபம் உண்டு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கேமராக்களின் சென்சார் அகலம் சுமார் 17 மி.மீ.தான். அதில் 1:1-ல் எடுத்தால், அந்த 17 மி.மீ. பரப்பே முழுப்படமாக விரியும். ஒலிம்பஸின் 60 மி.மீ. மேக்ரோ லென்ஸைக் கடலடிக் கலைஞர்கள் பலர் விரும்ப இதுவும் ஒரு காரணம். கேமராவும் சின்னது, கூடும் சின்னது, படத்தில் உயிரினம் மட்டும் பெரியது.

அறுபதா, நூறா?

மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறவர்களைக் குழப்பும் கேள்வி இதுதான். 60 மி.மீ. லென்ஸும் 1:1 தருகிறது. 100 அல்லது 105 மி.மீ. லென்ஸும் அதே 1:1 தருகிறது. பிறகு என்ன வித்தியாசம்?

வித்தியாசம் தூரத்தில். நிக்கானின் 60 மி.மீ. லென்ஸ் 1:1 தரும்போது, சென்சாரிலிருந்து பொருள் 18.5 செ.மீ. தூரத்தில் இருக்கும். கேனனின் 100 மி.மீ. லென்ஸில் அது 30 செ.மீ. இந்தத் தூரத்துக்குள் கேமராவின் உடம்பும் லென்ஸின் நீளமும் அடக்கம். அதைக் கழித்தால் 60 மி.மீ. லென்ஸின் முகத்துக்கும் மீனின் முகத்துக்கும் இடையே மிஞ்சுவது சுமார் 5 செ.மீ.தான். 100 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 14, 15 செ.மீ. கூட்டின் முன்பக்கக் கண்ணாடியும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

நம் முகத்துக்கு 5 செ.மீ. அருகே ஒருவர் கால்பந்து அளவுக் கறுப்புப் பெட்டியை நீட்டினால் எப்படி இருக்கும்? மீனுக்கும் அப்படித்தான். வளை வாசலில் நின்று எட்டிப்பார்க்கும் கோபி மீன் சட்டென்று உள்ளே போய்விடும். பிக்மி கடல் குதிரை ஓடாது. அதனால் ஓட முடியாது. பவளக் கிளையை விட்டால் அதற்கு வீடில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் கூச்ச சுபாவம் உள்ளவற்றுக்கும் மிகச் சின்னவற்றுக்கும் 100 மி.மீ. என்கிறார்கள். தள்ளி நிற்கும்போது ஃபிளாஷ் விளக்கை நுழைக்கவும் இடம் கிடைக்கிறது.

அப்படியானால் 60 வேண்டாமா? அதற்கும் காலம் உண்டு. கை அளவுள்ள தவளை மீனையோ ஒரு சாண் நீளக் கணவாயையோ முழுசாகப் படத்துக்குள் கொண்டுவர 100 மி.மீ. லென்ஸோடு வெகுவாகப் பின்னால் போக வேண்டும். பின்னால் போகப் போக இடையில் தண்ணீர் கூடுகிறது, கலங்கல் கூடுகிறது, படம் மங்குகிறது. 60 மி.மீ. லென்ஸ் அருகில் நின்றே வேலையை முடித்துவிடும். மாலை இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதும் அதில் எளிது. புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் 60-ல் தொடங்குவது இதனால்தான். ஏ.பி.எஸ்-சி எனப்படும் நடுத்தர சென்சார் கேமராவில் போட்டால், அதே 60 கிட்டத்தட்ட 90 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தரும். அந்தக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரே லென்ஸில் இரண்டு வேலையும் ஓரளவு நடந்துவிடும்.

சுருக்கமாக: மிகச் சின்னது, மிரளக்கூடியது என்றால் 100. கைக்கு அடங்கும் மீன், கலங்கிய தண்ணீர், புதுக் கை என்றால் 60.

தண்ணீரும் ஒரு லென்ஸ்தான்

டம்ளர் தண்ணீரில் போட்ட ஸ்பூன் வளைந்து தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒளி, தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்கு வரும்போது வளைகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இதனால் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். டைவ் மாஸ்க் போட்டவர்கள் தங்கள் கையையே பெரிதாகப் பார்த்து வியப்பது இதனால்தான்.

அகலமான காட்சி எடுப்பவர்களுக்கு இது தொல்லை. அவர்கள் அரைக்கோள வடிவக் கண்ணாடி மாட்டிச் சமாளிக்கிறார்கள். மேக்ரோ எடுப்பவர்களுக்கோ இது இலவச உருப்பெருக்கம்! அதனால், மேக்ரோ லென்ஸுக்குத் தட்டைக் கண்ணாடிப் போர்ட்டே போதும், விலையும் குறைவு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். போர்ட்டின் நீளம் லென்ஸுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். நீளம் அதிகமானால், கிடைக்கிற கொஞ்சத் தூரத்தையும் அதுவே விழுங்கிவிடும்.

தாத்தாவின் கண்ணாடி தத்துவம்

பேப்பர் படிக்கத் தாத்தா 'பிளஸ்' பவர் கண்ணாடி போடுகிறார் அல்லவா? அதே தத்துவத்தில் கடலுக்குள் பயன்படுவதுதான் வெட் லென்ஸ். கூட்டுக்கு வெளியே, போர்ட்டின் முன்னால் திருகி மாட்டலாம், தண்ணீருக்குள்ளேயே கழற்றலாம். கதவுபோலத் திறந்து மூடும் கீல் பொருத்திய வகையும் உண்டு. லென்ஸை மாற்ற முடியாத இடத்தில், கிட்டத்தட்ட மாற்றியது போன்ற பலனை இது தருகிறது.

பிளஸ் 5, பிளஸ் 10 என்று இதிலும் பவர் உண்டு. காற்றில் கணக்குப் போட்டால், பிளஸ் 5 லென்ஸ் அதிகபட்சம் 20 செ.மீ. தூரம்வரை பார்க்கும், பிளஸ் 10 என்றால் 10 செ.மீ. அதற்கு அப்பால் உலகமே மங்கல். தாத்தா படிக்கிற கண்ணாடியோடு தெருவைப் பார்ப்பதுபோல! அதனால் உயிரினத்தைக் கண்டுபிடிக்கும்வரை வெட் லென்ஸைத் திறந்தே வைத்திருந்து, படம் எடுக்கும்போது மட்டும் மூடிக்கொள்வதே வழக்கம்.

பெரிய கேமரா இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒலிம்பஸின் டி.ஜி. வரிசைச் சின்னக் கேமராக்கள் கூடு இல்லாமலே 15 மீட்டர் ஆழம்வரை தாங்குபவை. அதில் இருக்கும் மைக்ரோஸ்கோப் மோடில் 1 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் கிடைக்கிறது. ஸ்மார்ட்போனை நீர்புகாக் கூட்டுக்குள் வைத்தும் எடுக்கிறார்கள். ஆனால், போனின் மேக்ரோ பெரும்பாலும் 2, 3 செ.மீ. நெருங்கினால்தான் வேலை செய்யும். அவ்வளவு அருகே போனால் போனின் நிழலே பொருள் மேல் விழும், மீனும் மிரளும். அசையாத கடல் நத்தைக்கு அது சரி. கண் சிமிட்டும் நேரத்தில் மறையும் இறாலுக்குச் சரிவராது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருக்கிறதே என்று கூடு இல்லாமல் போனை உப்புத் தண்ணீருக்குள் கொண்டுபோவது மட்டும் கூடவே கூடாது.

இரண்டே மில்லிமீட்டர்!

மேக்ரோவில் தொடக்கத்தில் எடுக்கும் நூறு படங்களில் பெரும்பாலானவை மங்கலாக வரும். காரணம், கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1:1-ல் எடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 2.8 என்று அகலத் திறந்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எஃப் 16 என்று சுருக்கினாலும் சுமார் 2 மி.மீ.தான். இன்னும் சுருக்கிக்கொண்டே போகலாமே என்றால், எஃப் 22-ஐத் தாண்டிய பிறகு படம் மொத்தமாகவே மென்மையாகிவிடும்.

இந்த 2 மி.மீ. எங்கே விழ வேண்டும்? கண்ணில். கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கலாக இருந்தாலும் படம் உயிரோடு இருக்கும். கடல் நத்தை என்றால், தலையில் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்புகள் கூர்மையாக இருக்க வேண்டும். பழகியவர்கள் ஃபோகஸைத் தேவையான தூரத்தில் பூட்டிவிட்டு, தங்கள் உடம்பையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, கண் பளிச்சென்று தெரியும் நொடியில் அழுத்துகிறார்கள். ஆட்டோஃபோகஸ் முன்னே பின்னே தேடி அலையும் நேரம் மிச்சம்.

துளையைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும். கடலுக்குள் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். அதனால் ஸ்ட்ரோப் எனப்படும் வெளி ஃபிளாஷ் விளக்கு கட்டாயம். எஃப் 16, நொடியில் 200-ல் ஒரு பங்கு ஷட்டர், ஐ.எஸ்.ஓ. 100 முதல் 200 - பலரும் தொடங்கும் கணக்கு இது. பின்னணி கறுப்பாகி, உயிரினம் மட்டும் நகைக்கடை விளம்பரம்போல ஜொலிக்கும். கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்கூட இல்லாததால் மிதக்கும் தூசும் படத்தில் குறைவாகவே தெரியும். லெம்பே போன்ற கலங்கல் இடங்களில் மேக்ரோ செழிக்கும் ரகசியமும் இதுதான்.

படமா, உயிரா?

'இத்தனை ஃபிளாஷ் அடித்தால் அந்தக் குட்டி உயிருக்குக் கண் போய்விடாதா?' என்ற கேள்வி எழுவது நியாயம். ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்ட்டன் டி ப்ரோவர் தலைமையிலான குழு இதைச் சோதித்து, 2019-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் முடிவுகளை வெளியிட்டது. ஃபிளாஷால் கடல் குதிரைகளின் கண்ணில் பாதிப்பு எதையும் அவர்கள் காணவில்லை. மனிதர் பக்கத்தில் இருப்பதால் வரும் கலக்கத்தைவிட ஃபிளாஷ் கூடுதலாக எதையும் செய்துவிடவில்லை. மீன்களை அதிகம் பாதித்தது வேறு ஒன்று: தொடுதல். குச்சியால் தட்டுவது, நகர்த்துவது, 'இந்தப் பக்கம் திரும்பு' என்று தள்ளுவது.

அதற்காக ஃபிளாஷை மனம்போல அடிக்கலாம் என்று ஆகாது. சோதித்தது சில இனங்களைத்தான். ஆனால், இந்த முடிவைப் படித்தபின் லென்ஸ் தேர்வு வேறு கோணத்தில் தெரிகிறது. தவறான லென்ஸோடு இறங்கியவர்தான் படம் கிடைக்காத ஆத்திரத்தில் நெருக்குகிறார். பவளத்தைப் பிடித்து ஊன்றுகிறார். கடல் குதிரை முதுகைக் காட்டினால் கைடிடம் திருப்பிவிடச் சொல்கிறார். டிப்ஸ் எதிர்பார்க்கும் கைடும் மறுக்கத் தயங்குவார். தள்ளி நின்று எடுக்க வழிசெய்யும் லென்ஸ் இருந்தால், இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடுகிறது.

பிக்மி கடல் குதிரை இருக்கும் பவளத்தின் முன்னால் வரிசையில் ஐந்து பேர் நிற்கலாம். படம் எடுப்பவருக்கு ஐந்து நிமிடம். கடல் குதிரைக்குக் கிட்டத்தட்ட அரைமணி நேரம். அதனால்தான் பொறுப்பான கைடுகள் ஒருவருக்கு இத்தனை கிளிக்தான் என்று எல்லை போடுகிறார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், இன்றைக்குப் படம் இல்லை என்று அர்த்தம்.

எடுப்பவரின் உயிரும் இதில் இருக்கிறது. இந்தக் கடல் குதிரைகள் பெரும்பாலும் 16 மீட்டருக்குக் கீழேதான் தென்படுகின்றன. 25 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரைமட்டத்தைப்போல மூன்றரை மடங்கு. சிலிண்டர் காற்றும் அதே மடங்கு வேகத்தில் தீரும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் நேரம் போவதே தெரியாது. 'பத்து படத்துக்கு ஒருமுறை கேஜைப் பார்' என்பதுபோல ஒரு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. மணலில் கையை ஊன்றுவதும் ஆபத்து. கல் என்று நினைத்தது விஷ முள்ளுள்ள கல்மீனாக இருக்கலாம். நடுநீரில் அசையாமல் மிதக்கக் கற்றுக்கொண்ட பிறகே கேமராவைக் கையில் எடுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

வாங்கும் முன்... இறங்கும் முன்...

பெரிய கேமராக்களுக்கு, கேமராவைவிடக் கூட்டின் விலை அதிகமாக இருப்பது சகஜம். எனவே லென்ஸை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. அந்த லென்ஸுக்குப் போர்ட் கிடைக்கிறதா, வெட் லென்ஸ் மாட்டத் திருகு இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பட்ஜெட் குறைவு என்றால், இன்னொரு லென்ஸுக்குப் பதில் நல்ல ஸ்ட்ரோப் ஒன்று வாங்குவது அதிகப் பலன் தரும்.

கூட்டை மூடும் முன் ஓ-ரிங்கை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஒரே ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் போதும். தண்ணீர் உள்ளே வந்துவிடும். கேமரா வைக்காமல் வெறும் கூட்டை மட்டும் முதலில் தண்ணீரில் அமுக்கிச் சோதிப்பது பழைய, ஆனால் நம்பகமான முறை. கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, பட்டன்களை அழுத்தி அழுத்தி உப்பைக் கரைக்க வேண்டும். உப்பு காய்ந்து இறுகிவிட்டால் அடுத்த முறை பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பழகுவதற்குக் கடல்கூட வேண்டாம். மேக்ரோ லென்ஸ் கையில் இருந்தால், வீட்டுச் சமையல் மேடையில் ஊரும் எறும்பின் கண்ணைக் கூர்மையாக எடுத்துப் பாருங்கள். எஃப் 2.8-க்கும் எஃப் 16-க்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடத்தில் புரியும். எறும்பை விரலால் நகர்த்தாமல், அது திரும்பும்வரை காத்திருந்து எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அங்கே பழகிய பொறுமைதான் 20 மீட்டர் ஆழத்தில், ஒரு ரூபாய் அளவுள்ள கடல் குதிரையின் முன்னால் கைகொடுக்கும்.